பழைய டிராயர் அலமாரி: பணத்தை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது

கேள்வி இதுதான்: வீட்டில் ஐந்து டிராயர் உள்ள பழைய மர அலமாரி ஒன்று இருக்கிறது. உடம்பு உறுதியாக இருக்கிறது, ஆனால் பாலிஷ் மங்கிவிட்டது, கைப்பிடிகள் துருவேறிவிட்டன, மேல்பலகை முழுக்க டம்ளர் வைத்த வட்டங்கள். அதிகச் செலவில்லாமல் இதை ஷோரூமில் பார்க்கும் விலையுயர்ந்த பொருள் போல மாற்ற முடியுமா? நல்ல பெயிண்டாக வாங்கி அடித்தால் போதுமா?

முடியும். ஆனால் பெயிண்ட் மட்டும் போதாது. மொத்த வேலையில் பெயிண்ட் அடிப்பது கடைசிக் கால்வாசிதான்.

விலை அதிகமான மரச்சாமான் ஒன்றின் அருகில் போய்க் குனிந்து பாருங்கள். பெரிய அலங்காரம் எதுவும் இருக்காது. டிராயர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கும். ஓரங்கள் நேராக, சில்லு பெயராமல் இருக்கும். பரப்பில் பிரஷ் தடம் தெரியாது. கைப்பிடியைப் பிடித்தால் கனம் தெரியும். டிராயர் முரண்டு பிடிக்காமல் வரும். நாம் கொண்டுவர வேண்டியது இந்த ஒழுங்கைத்தான். ஸ்டென்சில் பூ, தங்க நிற ஓரக்கோடு, ஒட்டுக் காகிதம் எல்லாம் சாதாரணப் பொருளை இன்னும் சாதாரணமாகவே காட்டும் என்பது என் கருத்து. பட்ஜெட் போட்டு வேலை செய்பவருக்கு இது நல்ல செய்திதான். ஒழுங்கைக் கொண்டுவர ஆகும் செலவில் பெரும்பகுதி நேரமும் உப்புத்தாளும் மட்டுமே.

எதையும் வாங்குவதற்கு முன்னால் அலமாரி எதில் செய்தது என்று பார்த்துவிடுங்கள். ஒரு டிராயரை முழுதாக வெளியே இழுத்து, முன்பலகையின் விளிம்பைப் பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் அது முழு மரம். விளிம்பில் மெல்லிய தோல் போல ஒரு அடுக்கு கோடாகத் தெரிந்தால் வெனீர், அதாவது வேறு பலகையின்மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. ரேகை அச்சடித்தது போல ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் லேமினேட், அதாவது மர ரேகையை அச்சடித்து ஒட்டிய செயற்கைத் தகடு. திருகாணித் துளைக்குள் மரத்தூளை அமுக்கிய மாதிரித் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. டிராயரின் பக்கப் பலகையும் முன்பலகையும் விசிறி வடிவப் பற்களாகக் கோத்துச் சேர்ந்திருந்தால் பொதுவாக நல்ல தயாரிப்பு என்று நம்பலாம். பாடுபடுவதற்குத் தகுதியான அலமாரி.

இதில் வெனீரிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இப்போது வரும் வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது, 0.6 மில்லிமீட்டர் அளவில் இருப்பது சகஜம். 80 எண் உப்புத்தாளை (எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும்) மெஷினில் மாட்டி ஒரே இடத்தில் சற்று நேரம் தேய்த்தால் அடிப்பலகை வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் பெயிண்ட் ஒன்றே வழி. பார்ட்டிகிள் போர்டின் எதிரி தண்ணீர். ஈரம் குடித்து ஊதிய மூலை பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தப் பகுதியை வெட்டி வேறு பலகை வைக்க வேண்டும், அல்லது அந்த அலமாரியையே விட்டுவிட வேண்டும்.

பெயிண்ட் அடிக்கவே கூடாத அலமாரிகளும் உண்டு. தேக்கு, ஈட்டி, வால்நட், மஹோகனி போன்ற மரத்தில் செய்து, ரேகையும் அழகாக இருந்தால் அதை நிறத்தால் மூடாதீர்கள். உங்கள் கையில் இருப்பதே விலையுயர்ந்த பொருள்தான், அழுக்கு மட்டும் ஏறியிருக்கிறது. அப்படிப்பட்டதில் பழைய பூச்சு என்ன என்று முதலில் சோதியுங்கள். மறைவான இடத்தில், பஞ்சில் டிநேச்சர்டு ஆல்கஹால் (பாலிஷ் வேலைக்கு விற்கும், குடிக்கக் கூடாத ஸ்பிரிட்) தொட்டு ஒரு நிமிடம் வையுங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது ஷெல்லாக், அதாவது அரக்குப் பாலிஷ். அசையவில்லை என்றால் லாக்கர் தின்னரை வைத்துப் பாருங்கள், இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை. ஷெல்லாக்காக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. ஆல்கஹால் தொட்ட பஞ்சுத் துணியால் வேகமாக, மெல்லத் தடவினாலே பழைய பூச்சு இளகிச் சமமாகும், அதன்மேல் புது ஷெல்லாக் இரண்டு கை, அதாவது இரண்டு அடுக்கு, போடலாம். வெள்ளை நிற டம்ளர் வட்டம் பூச்சுக்குள் சிக்கிய ஈரம்தான், இந்த வேலையிலேயே அநேகமாகப் போய்விடும். கறுப்பு வட்டம் மரத்துக்குள் இறங்கியது; அதை எடுக்க ஆக்சாலிக் அமிலம் வேண்டும், கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த மிகப் பழைய அலமாரி என்றால் தேய்க்கத் தொடங்குமுன் ஈயத்தைப் பற்றி யோசியுங்கள். பழைய பெயிண்டுகளில் ஈயம் கலப்பது உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில்கூட 1978-ல்தான் வீட்டுப் பெயிண்டில் தடை வந்தது. பல நாடுகளில் இன்னும் தாமதமாக. ஈயப் பெயிண்டை உலர்ந்தபடியே தேய்த்தால் தூசி வீடெங்கும் பரவும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது உண்மையான ஆபத்து. சோதனைக் கிட் கிடைத்தால் பயன்படுத்துங்கள். ஈயம் என்று தெரிந்தால், அல்லது சோதிக்க வழியில்லாமல் சந்தேகம் இருந்தால், அந்தப் பொருளைத் தேய்க்கும் வேலையே வேண்டாம். இன்னொன்று: ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டத் துளைகளும் அவற்றின் கீழே புதிதாக உதிர்ந்த தூளும் தெரிந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அதற்கு மருந்து அடித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

சரி, பெயிண்ட் அடிக்கத் தகுந்த அலமாரிதான் என்று முடிவாகிவிட்டது. அப்போதும் பிரஷை எடுக்காதீர்கள். இடைவெளிகளைப் பாருங்கள். டிராயர் ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் விலகியும் இருந்தால் டிராயரைச் செதுக்குவதுதான் வழி என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்குமுன் ஒரு காலின் கீழே மடித்த அட்டைத் துண்டை வைத்துப் பாருங்கள். தரை சமமாக இல்லாவிட்டால் அலமாரியின் உடம்பே லேசாக முறுக்கிக்கொள்ளும், எல்லா இடைவெளியும் கோணலாகத் தெரியும். கால்களைச் சமப்படுத்தினாலே பாதி நேரம் சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டத்தின் மூலைகள் சரியான செங்கோணத்தில் இருக்கின்றன. வித்தியாசம் இருந்தால் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது, அல்லது முதுகுப் பலகை கழன்றிருக்கிறது. அந்த மெல்லிய முதுகுப் பலகைதான் பல அலமாரிகளை நேராக நிறுத்திவைப்பது. அதைக் கழற்றி, சட்டத்தின் மூலைகள் செங்கோணமாகும்படி இழுத்துப் பிடித்து, திரும்ப அடியுங்கள்.

தளர்ந்த இணைப்பில் பழைய பசைக்கு மேலேயே புதுப் பசை ஊற்றினால் பிடிக்காது. பழையதைச் சுரண்டி, மரம் தெரிய வைத்து, அப்புறம் ஒட்டி, பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட வேண்டும். மிகப் பழைய அலமாரிகளில் தோலும் எலும்பும் காய்ச்சிய வஜ்ஜிரப் பசை இருக்கும். சூடான தண்ணீரில் அது இளகிவிடுவதால் இணைப்பைச் சேதமில்லாமல் பிரிக்கலாம்.

டிராயர் ஓட்டத்துக்கு மெழுகுவர்த்தி போதும். மரச் சட்டத்தின் மேல் ஓடும் டிராயரின் அடி விளிம்பிலும், அது ஓடும் தடத்திலும் மெழுகைத் தேய்த்தால் உடனே வித்தியாசம் தெரியும். தடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் அந்த இடத்தில் கடின மரத்தில் மெல்லிய பட்டை ஒட்டிவிடுங்கள். "சாஃப்ட் குளோஸ் ஸ்லைடு போட்டால் ஷோரூம் மாதிரி இருக்குமே" என்று, அதாவது டிராயரை மெதுவாகச் சத்தமில்லாமல் மூடும் உலோகத் தடத்தைப் பற்றி, தோன்றும். பக்கவாட்டில் மாட்டும் உலோக ஸ்லைடுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 12.7 மில்லிமீட்டர் இடம் வேண்டும். மரத்தடத்தில் ஓடும் பழைய டிராயரில் அந்த இடம் இருக்காது. டிராயர் பெட்டியை ஒரு அங்குலம் குறுக்கிப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். பட்ஜெட் வேலையில் அது வேண்டாம்.

பூச்சு உரிந்து வருவதற்கு முதல் காரணம் பெயிண்டின் தரம் இல்லை, அடியில் இருக்கும் அழுக்கு. முதலில் தேய்த்துவிட்டு அப்புறம் துடைக்கலாம் என்று நினைப்பது தலைகீழ் வேலை. வருடக்கணக்கில் படிந்த கை எண்ணெயையும் மெழுகையும் உப்புத்தாள் மரத்துக்குள்ளேயே தேய்த்து ஏற்றிவிடும். ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, அது உலர்ந்ததும் மெழுகை எடுக்க மினரல் ஸ்பிரிட் என்ற பெயிண்ட் கரைப்பான். பளபளப்புக்காக அடிக்கும் சில ஸ்ப்ரே பாலிஷ்களில் சிலிக்கோன் இருக்கும். அது துளி மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்திலிருந்து விலகிச் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக நிற்கும். அந்தக் குழி தெரிந்தால் மேலே இன்னொரு கை அடித்துப் பயனில்லை. காயவிட்டுத் தேய்த்து, ஷெல்லாக் ஒரு கை போட்டு அடைத்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

தேய்ப்பதில் நோக்கம் பழைய பூச்சை முழுக்க எடுப்பதல்ல, மேல் பளபளப்பைக் கெடுத்துப் பிடிப்பு உண்டாக்குவதுதான். உரியாமல் உறுதியாக இருக்கும் பூச்சின்மேல் 180 அல்லது 220 எண் போதும். மரத்தைத் திறந்து இயற்கை நிறத்தில் வைப்பதானால் மட்டும் 120-ல் தொடங்கி 180, 220 என்று ஏறுங்கள், எப்போதும் ரேகையின் போக்கிலேயே. குறுக்கே போட்ட கீறல் ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம்) போட்டதும் கறுத்துப் பல்லைக் காட்டும். தேய்த்து முடித்ததும் அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பரப்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். பகலில் தெரியாத பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். இந்தச் சோதனையைப் பட்டி வைப்பதற்கு முன் ஒருமுறை, பிரைமருக்கு (பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு) பின் ஒருமுறை செய்வது நல்லது. வழுவழுப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

பழைய கைப்பிடித் துளைகளை அடைப்பதா வைத்துக்கொள்வதா என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். துளையிலிருந்து துளைக்கு மையம் பார்த்து அளவெடுங்கள். மெட்ரிக் அளவுக் கைப்பிடிகள் பெரும்பாலும் 32-ன் மடங்குகளில் வரும்: 64, 96, 128, 160 மில்லிமீட்டர். அங்குல அளவில் செய்தவற்றில் 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர் அதிகம். அளவு பொருந்தினால் துளை அடைக்கும் வேலையே மிச்சம். பொருந்தாவிட்டால் பின்பக்கம் டேப் ஒட்டி, முன்பக்கமாக இரண்டு பாகம் கலந்து இறுகும் ஃபில்லரைச் சற்று மேடாக நிரப்பி, இறுகியதும் தேய்த்துச் சமமாக்குங்கள். தண்ணீரில் கரையும் சாதாரணப் பட்டி காயும்போது சுருங்கும். மாதங்கள் கழித்து அந்த இடத்தில் வட்டமான பள்ளம் காட்டிக்கொடுக்கும்.

கஞ்சத்தனம் இல்லாமல் பணத்தைப் போட வேண்டிய இடம் கைப்பிடி. தொட்டுப் பார்க்கும் ஒரே பாகம் அதுதான், கை முதலில் தீர்ப்புச் சொல்லிவிடும். உள்ளே பொள்ளலான மெல்லிய தகடு கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். திடமான பித்தளையோ இரும்போ போடுங்கள். பித்தளை என்று விற்பதைக் காந்தத்தால் சோதியுங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் முலாம். ஒட்டாவிட்டாலும் துத்தநாகக் கலவையாக இருக்கலாம், அதனால் கனத்தையும் சேர்த்துப் பாருங்கள். அளவு விஷயத்தில் பெரும்பாலானோர் சின்னதாக எடுத்துவிடுகிறார்கள். டிராயர் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள கைப்பிடி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அகலமான டிராயரில் ஒற்றைக் குட்டிக் குமிழ் பரிதாபமாகத் தெரியும். இதெல்லாம் வாங்குமுன் உங்கள் பழைய கைப்பிடியையே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பச்சையும் கறுப்பும் ஏறிய பழைய கைப்பிடிகள் திடப் பித்தளையாக இருப்பது அபூர்வம் இல்லை. வினிகரும் உப்பும் கலந்து தேய்த்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். மேலே பழைய லாக்கர் பூச்சு இருந்தால் அதை முதலில் எடுத்தாக வேண்டும்.

துளை போடும்போது ஒவ்வொரு டிராயரிலும் தனித்தனியாக அளக்காதீர்கள். ஒரு அட்டையிலோ மெல்லிய பலகையிலோ ஒருமுறை சரியாகத் துளையிட்டு, அதையே எல்லா டிராயரிலும் வைத்துக் குறியுங்கள். ஐந்து கைப்பிடியில் ஒன்று 2 மில்லிமீட்டர் கீழே இறங்கினாலும் கண் அங்கேயே போய் நிற்கும்.

இனி பூச்சு. பிரைமரில் கஞ்சத்தனம் வேண்டாம். மஹோகனி, ஓக் போன்ற மரங்களில் உள்ள டானின் என்ற கறைப்பொருள், பைன் மரக் கணுக்களில் உள்ள பிசின், பழைய சிவப்பு ஸ்டெயின் எல்லாம் வெளிர் நிறப் பெயிண்டின் ஊடே மஞ்சளாக, இளஞ்சிவப்பாகக் கசிந்து மேலே வரும். எத்தனை கை அடித்தாலும் வரும். இதைத் தடுக்க நம்பத்தகுந்தது ஷெல்லாக் பிரைமர். பழைய வாடையையும் அதுவே அடைத்துவிடும் என்பதால் டிராயர் உட்புறத்துக்கும் உதவும். லேமினேட் பரப்புக்கு அதற்கென்றே விற்கும், வழுக்கும் பரப்பில் பிடிக்கும் பிரைமர் வேண்டும்.

மேல் பூச்சுக்குச் சுவர் பெயிண்டை எடுக்காதீர்கள், வீட்டில் மிச்சம் இருந்தாலும் சரி. அது காய்ந்த பிறகும் சற்று மென்மையாகவே இருக்கும். மேலே வைத்த பூச்சாடி ஒட்டிக்கொள்ளும், டிராயர் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். கதவு, கேபினெட் வேலைக்கென்று வரும் தண்ணீர் வகை எனாமல் போதுமான கடினத்தோடு இறுகும். 1990-ல் ஆனி ஸ்லோன் அறிமுகப்படுத்திய, பளபளப்பின்றிச் சாக்கட்டி போலக் காயும் சாக் பெயிண்டைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தயாரிப்பு வேலை குறைவு என்பது அதன் பலம். ஆனால் மேலே மெழுகோ வார்னிஷோ போட்டாக வேண்டும். மெழுகு சூட்டையும் தண்ணீரையும் தாங்காது, கொஞ்ச நாளில் மறுபடி போட வேண்டும். பழமைத் தோற்றம் பிடித்தவர்களுக்கு அது பொருந்தும். இங்கே கேட்டது ஷோரூம் தோற்றம், அதற்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடிக்கும் முறை: மூலை முடுக்குக்குப் பிரஷ், அகலப் பரப்புக்கு அடர்த்தியான சின்ன ஃபோம் ரோலர். தடிமனாக ஒரு கை அடிப்பதைவிட மெல்லிதாக மூன்று கை அடிப்பது மேல். ஒவ்வொன்றுக்கும் நடுவே 320 எண் தாளால் லேசாக ஒரு தடவல், அப்புறம் தூசியைத் துடைப்பது. வாய்ப்பிருந்தால் பலகைகளைப் படுக்கவைத்து அடியுங்கள், வழியாது. டிராயரின் முன்பலகைக்கும் அதன் விளிம்புக்கும் மட்டும் பெயிண்ட். பக்கப் பலகையில் அடித்தால் அந்தத் தடிமனே டிராயரை இறுக்கிவிடும். டிராயரைத் திறக்கும்போது தெரியும் சட்டத்தின் உள் ஓரத்தையும் அதே நிறத்தில் முடித்துவிடுங்கள். அந்த ஓரத்தில் பழைய நிறம் எட்டிப் பார்த்தால் மொத்த வேலையும் வேஷம் போட்டது போல ஆகிவிடும்.

நிறம் உங்கள் விருப்பம். பளபளப்பைப் பற்றி மட்டும் பிடிவாதமாகச் சொல்கிறேன்: சாட்டின் (மிதமான பளபளப்பு) அல்லது மேட் (பளபளப்பே இல்லாதது). கண்ணாடி போல மின்னும் முழுப் பளபளப்பு ஒவ்வொரு பள்ளத்தையும் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டும். வெள்ளைக்கு மேலே பாதுகாப்புப் பூச்சு போடுவதானால் தண்ணீர் வகையே வேண்டும். எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் நாளாக ஆக மஞ்சளாகும். மேல்பலகை நல்ல மரமாக இருந்தால் உடம்புக்கு மட்டும் நிறம் கொடுத்து, மேல்பலகையை மர நிறத்திலேயே விடுவது எனக்கு மிகவும் பிடித்த வழி. செலவும் இல்லை, இது மரச்சாமான்தான் என்பதையும் சொல்லிவிடும். எண்ணெய் பூசுவதானால் ஒன்றை மறக்க வேண்டாம்: ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

உருவத்தை மாற்ற ஆசை இருந்தால் கால்களை மாற்றுங்கள். தரையோடு உட்கார்ந்திருக்கும் கனமான அடிப்பகுதியை எடுத்துவிட்டு 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரக் கால்கள் வைத்தால் அலமாரியின் முகமே மாறிவிடும். கால் மாட்டும் அடிப்பலகை மெல்லியதாக இருந்தால் உள்பக்கம் கட்டை கொடுத்து வலுப்படுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். தட்டையான டிராயர் முகத்தில் மெல்லிய மரப்பட்டையால் சட்டம் போடுவதும் நன்றாக இருக்கும். ஆனால் 45 பாகை மூலைகள் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும், இல்லாவிட்டால் போடாமலே இருக்கலாம். அரைவட்டக் குச்சிகளை வரிசையாக ஒட்டும் பாணியும் இப்போது பரவலாக இருக்கிறது. தூசி துடைக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு. மேலே கல் வைக்க நினைத்தால் கல் அறுக்கும் இடங்களில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள், முழுப் பலகை வாங்குவதைவிட மிகவும் குறைவாக முடியும். மார்பிள் போல அச்சடித்த ஸ்டிக்கரைத் தவிர்த்துவிடலாம். தூரத்தில் ஏமாற்றும், விளிம்பில் காட்டிக்கொடுக்கும்.

காலை உயர்த்தினாலும் மேலே கனம் ஏற்றினாலும் அலமாரி கவிழும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தை இரண்டு மூன்று டிராயரை ஒன்றாக இழுத்து அதில் ஏறினால் முன்பக்கம் சாய்ந்துவிடும். அதனால் முதுகுப் பக்கம், மெல்லிய பலகையில் இல்லாமல் உறுதியான சட்டத்தில், எல் வடிவப் பட்டையோ பட்டை வாரோ போட்டுச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். கனமான சாமான்கள் கீழ் டிராயரில்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றதும் உடனே மேலே சாமான் வைக்கத் தோன்றும். பெயிண்ட் சில மணி நேரத்தில் தொடுவதற்குக் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே முழுதாக இறுகத் தண்ணீர் வகை எனாமலுக்கு மூன்று நான்கு வாரம்வரை ஆகும். அதுவரை கனமான எதையும் மேலே இழுத்து நகர்த்தாதீர்கள், ஈரத் துணியால் துடைக்காதீர்கள். டிராயர் முகங்கள் சட்டத்தில் படும் இடங்களில் சின்ன ஃபெல்ட் பொட்டு ஒட்டிவைத்தால் பெயிண்டோடு பெயிண்ட் ஒட்டிக்கொள்ளாது, மூடும்போது சத்தமும் வராது.